கணவாயைத் தாண்டாத வண்டிகள்

வாஷிங்டன்
12 ஜனவரி 1977

அன்புள்ள தம்பி மிலோ,

வண்டியின் கொதிநீர் தெறித்து உன் கையில் பட்ட காயம் ஆறிவிட்டதா? மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதை எழுது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் உறைபனியில் மாடுகளுக்கு வைக்கோல் போட அவரேதான் போகிறாராம்.

போன செவ்வாய்க்கிழமை பதவி ஏற்றேன். பதினெட்டு வருஷம் நெப்ராஸ்காவில் மாட்டு வைத்தியம் பார்த்தவள், வலது கையைத் தூக்கிக்கொண்டு பிரதிநிதிகள் சபையில் நின்றேன். கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் வயிற்றுக்குள் விட்டுப் பழகிய கை அது.

முதல் நாளே வழி தொலைந்தது. அலுவலகக் கட்டடத்திலிருந்து சபைக்குப் பூமிக்கடியில் சுரங்கப் பாதை. அங்கே ஒரு காவலர் நிறுத்தி, "யாரோட மனைவிம்மா நீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "யாரோட மனைவியும் இல்லைங்க, நெப்ராஸ்கா உறுப்பினர்" என்றேன். அவர் முகம் சிவந்து, சபை வாசல்வரை கூடவே நடந்து வந்து விட்டார்.

விவசாயக் குழுவில் இடம் கேட்டேன். கிடைத்தது வெளிநாட்டு விவகாரக் குழு. அதன் தலைவர் காலவேயிடம் போய் நின்றேன். "அங்க இடம் இல்லம்மா, இங்கதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான் விளக்கம். ஆனால் வேலையைப் படித்துப் பார்த்ததும் மனசு துள்ளுகிறது, மிலோ. நம் நாடு நட்பு நாடுகளுக்கு ஆயுதமும் வண்டியும் கொடுக்கிறது. தன் எல்லையைக் காக்க மட்டுமே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம். கொடுப்பது அரசு. கொடுத்தது எங்கே இருக்கிறது, எதற்கு ஓடுகிறது என்று கேட்பது நாங்கள்.

அந்த நாடுகளின் பட்டியலில் இரண்டாவது பெயர் நீ இருக்கிற ஆர்டோவா! நீ பழுது பார்க்கிற வண்டிகள் நான் கேள்வி கேட்கவேண்டிய வண்டிகள். சின்ன வயசில் நீ பல் தேய்த்தாயா என்று பார்த்தவள் நான்தானே, இதையும் பார்த்துக்கொள்கிறேன்.

கைக்கு மருந்து போடு. பதில் எழுது.

உன் அக்கா,
வெர்னா


செர்மா கணவாய், ஆர்டோவா
30 ஜனவரி 1977

அன்புள்ள அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது, தோல் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, காபியிலேயே ஓட்டுகிறாயா?

உன் கடிதத்தைக் கர்னல் ஹாஸ்கின்ஸிடம் காட்டினேன். எங்கள் ஆலோசகர் குழு பதினொரு பேருக்கும் அவர்தான் தலைவர். "சார்ஜென்ட் டூஷெக், இனிமே உன்கிட்ட மரியாதையா நடந்துக்கணும் போல" என்றார். சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

நாற்பது கவச வண்டிகளும் ஓடுகின்றன! நவம்பரில் ரயிலில் வந்து இறங்கியபோது பாதிக்கு மேல் நகரவே இல்லை. இங்கே குளிரில் எண்ணெய் தேன்போல இறுகிவிடும். எஞ்சினுக்கு அடியில் கரியடுப்பு வைத்துச் சூடேற்றக் கற்றுக்கொடுத்தேன். இல்லை, பொய் சொல்கிறேன், அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தெவ்ரான்.

தெவ்ரானைப் பற்றி எழுதினேனா? ஆர்டோவா ராணுவத்தில் கார்ப்பரல், இருபத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள். நான் இதுவரை பயிற்சி கொடுத்தவர்களில் அவனைப்போல் ஓட்டியவன் யாரும் இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு என்று சொல்வான். அவர்கள் மொழியில் எனக்கு முப்பது சொற்கள் தெரியும். நேற்று வகுப்பில் 'பிரேக்கை அமுக்கு' என்பதற்குப் பதிலாக 'பிரேக்குக்கு முத்தம் கொடு' என்று கத்தியிருக்கிறேன். முப்பது பேரும் குனிந்து பிரேக்கை நோக்கி உதட்டைக் குவித்தார்கள். தெவ்ரான்தான் தொடங்கி வைத்தது.

எல்லைக்கு அப்பால் இருக்கிறவன் பீரங்கியைத் தினமும் இந்தப் பக்கம் திருப்பிக் காட்டுகிறான். இந்த வண்டிகள் இங்கே நிற்பதால்தான் கீழே கிராமங்களில் ஆட்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். இதை உன் குழுவில் சொல்லலாம். நான் சொன்னதாகவே சொல்.

அப்பாவிடம் வைக்கோல் போட ஆள் வைக்கச் சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்.

தம்பி,
மிலோ


வாஷிங்டன்
24 பிப்ரவரி 1977

அன்புள்ள மிலோ,

நலமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது. எனக்கு ஒரு வாரம் சளி, இப்போது தேவலை.

நேற்று என் முதல் விசாரணைக் கூட்டம்! ஆர்டோவாவுக்கு இன்னும் அறுபது கவச வண்டிகள் கொடுக்க அரசு கேட்கிறது. அரசுத் தரப்பில் வந்த அதிகாரி நல்ல மனிதர், கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னார். ஏற்கெனவே கொடுத்த நாற்பதும் எல்லையில்தான் இருக்கின்றன என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆர்டோவா அரசு எழுதிக் கொடுத்திருக்கிறது என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊர்ல மாடு விக்கறவர், மாட்டுக்கு நோய் இல்லைன்னு அவரே எழுதிக் கொடுத்தா யாரும் வாங்க மாட்டாங்க சார். என்னைக் கூப்பிட்டு வாயைத் திறந்து பாக்கச் சொல்வாங்க" என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. அடுத்த நாற்காலியில் கென்டக்கி உறுப்பினர் லஷ்டன் பீல், எதிர்க்கட்சி, புகையிலை விவசாயி, ஆளே ஒரு பீப்பாய். ஆர்டோவாவுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கவேண்டும் என்பவர். என் பக்கம் சாய்ந்து, "டாக்டரம்மா, கவச வண்டிக்கு வாய் எந்தப் பக்கம்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

குழுவில் ஜெரால்டின் என்று ஒரு ஆய்வு அலுவலர். ஒரு சிகரெட் அணையுமுன் அடுத்தது. பதினான்கு வருஷக் கோப்புகளும் அவள் தலைக்குள் இருக்கின்றன. நான் கேட்ட கேள்வியைப் பதினான்கு வருஷத்தில் யாரும் கேட்டதில்லையாம். இதைவிட நல்ல பாராட்டு எனக்கு யாரும் சொன்னதில்லை.

உன் நாற்பது வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பு. என் அறைச் சுவரில் மாட்டப்போகிறேன். தெவ்ரானும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
வெர்னா அக்கா


செர்மா கணவாய்
20 மார்ச் 1977

அன்புள்ள அக்கா,

நலம். சளி போய்விட்டதா? குளிர் குறைந்து மழை தொடங்கிவிட்டது. இங்கே தேநீரில் ஆட்டு வெண்ணெய் போடுகிறார்கள் என்று சொன்னேனா, பழகிவிட்டது. அப்பாவுக்கு எழுதினேன். பூட்ஸ் ஒன்று கிழிந்துபோய்ப் புதிது வாங்கினேன்.

கேமரா பழுதாகிவிட்டது. படம் அனுப்ப முடியவில்லை. தெவ்ரான் விடுப்பில் இருக்கிறான்.

வேறு செய்தி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

மிலோ


வாஷிங்டன்
11 ஏப்ரல் 1977

அன்புள்ள தம்பி,

சௌக்கியமா? சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் மழை இருந்தது, வெண்ணெய் இருந்தது, பூட்ஸ் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜெரால்டின் ஒரு வெளிநாட்டுச் செய்தித்தாளோடு என் அறைக்கு வந்தாள். ஐந்தாம் பக்கத்தில் பத்து வரி. ஆர்டோவாவின் மேற்கே ருஸ்வா என்ற இரும்புச் சுரங்க ஊர். மார்ச் ஐந்தாம் தேதி, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் மேல் சந்தையில் துப்பாக்கிச்சூடு. பலர் இறந்ததாக ஒரு கன்னியாஸ்திரீ எழுதிய கடிதம் வெளியே வந்திருக்கிறது. 'சங்கிலிப் பட்டையில் ஓடும் இரும்பு வண்டிகள்' வந்தன என்று எழுதியிருக்கிறார். ஆர்டோவாவிடம் அப்படிப்பட்ட வண்டிகள் நாம் கொடுத்த நாற்பது மட்டும்தான்.

ஜெரால்டின் வாயில் இருந்த சிகரெட்டை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "உங்க தம்பி அங்கதான இருக்கார்?"

அன்றைக்கே தலைவர் காலவேயிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ரெண்டுல ஒண்ணு செய்யுங்க. குழுவை விட்டு விலகுங்க, இல்லன்னா உங்க தம்பிகிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காதீங்க. கடிதத்துலயும் கூடாது, நேர்லயும் கூடாது. அக்கா தம்பி பேசிக்கிட்டதுன்னு ஆயிட்டா, மொத்த விசாரணையும் நாறிடும்" என்றார். சரி என்று கை கொடுத்தேன்.

ஆகவே நான் கேட்கவில்லை. நீயும் வேலையைப் பற்றி எழுதாதே. இந்தக் கடிதத்தின் நகல் தலைவரிடம் இருக்கிறது, இனி எழுதுகிற எல்லாவற்றின் நகலும் இருக்கும்.

ஆர்டோவா அரசு மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறது: வண்டிகள் வந்த நாள்முதல் கணவாயைத் தாண்டவில்லையாம். அறுபது வண்டிகளுக்கான மசோதா ஜூலையில் சபைக்கு வருகிறது.

சாப்பிடு, தூங்கு. என்மேல் கோபம் வேண்டாம்.

வெர்னா


வாஷிங்டன்
12 மே 1977

அன்புள்ள மிலோ,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. அப்பாவுக்கும் எழுதவில்லையாம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒரு வரி போட்டால் போதும்.

நான் சொல்லப்போவது ரகசியம் இல்லை, இன்றைய பத்திரிகையிலேயே வந்துவிட்டது. குழுவிலிருந்து நான்கு பேர் ஆர்டோவா வருகிறோம்! மே 30 அன்று செர்மா கணவாயில் வண்டிகளைப் பார்வையிடுகிறோம். என்னை அனுப்பலாமா என்று தலைவர் இரண்டு நாள் தயங்கினார். கடைசியில் பீல்தான், "டாக்டரம்மா வரட்டும். அவங்க கேக்கக் கூடாததை நான் கேக்கறேன். எப்படியும் அங்க ஒண்ணும் இருக்கப்போறதில்ல, அதை அவங்களே பாத்துட்டு வந்தா நமக்கு நல்லதுதான்" என்றாராம். குழுத் தீர்மானத்திலேயே எழுதிவிட்டார்கள்: உன்னிடம் எதுவும் கேட்பதாக இருந்தால் பீல் மட்டும்தான் கேட்கலாம்.

வரிசையில் நீ நின்றால் நான் 'சார்ஜென்ட் டூஷெக்' என்றுதான் கூப்பிடுவேன். கட்டிக்கொள்ள மாட்டேன். இரண்டு வருஷம் ஆயிற்று உன்னைப் பார்த்து. அதை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. மற்றபடி எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அக்கா


செர்மா கணவாய்
21 மே 1977

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதாததற்கு மன்னித்துக்கொள். ஏழு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதில் மூன்றில் 'வராதே' என்று இருந்தது.

வா.

இங்கே மழை நிற்கவில்லை, தரையெல்லாம் சேறு. நல்ல உடுப்பு எதுவும் கொண்டுவராதே. அழுக்கானால் வருத்தப்படாத துணியாகப் போட்டுக்கொள். தொழுவத்துக்குப் போகும்போது போடுவாயே, அந்த மாதிரி.

உன் வருகைக்காகக் காத்திருக்கும்,
மிலோ


வாஷிங்டன்
6 ஜூன் 1977

அன்புள்ள மிலோ,

நேற்று வந்து சேர்ந்தேன். உடம்பு முழுக்க வலி, மனசு முழுக்க இரைச்சல். நீ எப்படி இருக்கிறாய், உன்னை என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் தவிக்கிறேன். முப்பதாம் தேதிக்குப் பிறகு பேசத் தடை இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். அன்று சொன்னதெல்லாம் பதிவில் ஏறிவிட்டது.

நீ இருபதடி தள்ளி நின்றாய். வண்டிக்கு அடியில் நடந்தது உனக்குத் தெரியாது, அதை எழுதுகிறேன்.

நாற்பது வண்டிகள், பச்சை வண்ணம் பளபளக்க, கோடு கிழித்தாற்போல் நின்றன. அந்த ஜெனரல் மொழிபெயர்ப்பாளர் மூலம், வந்த நாள்முதல் இவை இந்தக் கணவாயை விட்டு ஓர் அடி நகரவில்லை என்று சொன்னபோது நான் உன்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதையே ஒரு கேள்வி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். என் பூட்ஸைத்தான் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த சேறு வெளிறிக் கிடந்தது, சுண்ணாம்புபோல. கணவாய் முழுக்க அதே நிறம்.

அப்போதுதான் உன் கடிதம் உறைத்தது. தொழுவத்துக்குப் போடுகிற துணி.

மழைக்கோட்டைக் கழற்றி ஏழாவது வண்டிக்கு முன்னால் விரித்து, அதில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். வெளியே சலசலப்பு. ஜெனரலின் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. "தொடாதீங்க, அவங்க டாக்டர்" என்று பீல் சத்தம் போட்டார். அது அவர்களுக்கு என்ன புரிந்ததோ, நின்றுவிட்டார்கள். உள்ளே, பட்டை ஓடும் சக்கரங்களுக்குப் பின்னால், கை நுழையாத சந்தில் மண் அப்பியிருந்தது. குளம்பு சுரண்டும் கத்தியைப் பையில் வைத்திருந்தேன். சுரண்டினேன். முதலில் வெளிறிய சேறு உதிர்ந்தது. அதற்கு உள்ளே சிவப்பு. செங்கல்போலச் சிவப்பு, மிலோ. கட்டி கட்டியாக என் கழுத்தில் விழுந்தது.

பீலைக் கூப்பிட்டேன். இருநூற்றைம்பது பவுண்டு மனிதர், முதுகுவலிக்காரர், கோட்டும் டையுமாகச் சேற்றில் படுத்து என் பக்கத்தில் நகர்ந்து வந்தார். ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார், முகர்ந்தார்.

"இந்த மலையில இந்த மண் கிடையாது" என்றார். "டாக்டரம்மா, இந்த வண்டிகளுக்காக நான் மூணு தடவை கை தூக்கியிருக்கேன்."

வெளியே வந்ததும் நடந்தது உனக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து வந்த வழியில் ஒட்டிய மண் என்று ஜெனரல் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல பதில் அது. மறுக்கத் தெரிந்தவன் நீ ஒருவன், கேட்கக்கூடாதவள் நான். பீல் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் வந்து கர்னலுக்குச் சல்யூட் அடித்தாய்.

"பேச அனுமதி வேணும் சார். துறைமுகத்துலேருந்து இந்த வண்டிங்க ரயில்ல வந்துச்சு. நான்தான் இறக்கினேன். அப்போ பட்டையில மண்ணே இல்ல."

கர்னல் அனுமதியும் கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அப்போது பீல், நெஞ்சு முழுக்கச் சேறோடு கேட்டார்: "அப்புறம் எப்படிப்பா வந்துச்சு?"

"மார்ச் நாலாம் தேதி பன்னிரண்டு வண்டி மேற்கே போச்சு சார். ஒன்பது நாள் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. எண் எல்லாம் எங்கிட்ட இருக்கு."

என் தம்பி குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை நினைத்து விமானத்தில் வழியெல்லாம் அழுதேன், சிரித்தேன். பக்கத்து இருக்கையில் பீல், செய்தித்தாளைப் பிடித்து எனக்கு மறைவு கொடுத்துக்கொண்டே வந்தார்.

உடனே எழுது.

அக்கா


செர்மா கணவாய்
19 ஜூன் 1977

அன்புள்ள அக்கா,

நன்றாக இருக்கிறேன். நீ பயப்பட்டதுபோல் யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் உட்காருவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் என்னைக் கேன்சஸ் முகாமுக்கு மாற்றுகிறார்கள்.

எழுதாமல் விட்டதையெல்லாம் இப்போது எழுதுகிறேன்.

மார்ச் நாலாம் தேதி காலை, நன்றாக ஓடுகிற பன்னிரண்டு வண்டிகளைத் தயார் செய் என்று உத்தரவு. பயிற்சி ஓட்டம் என்றார்கள். பட்டையை இறுக்கினேன், எண்ணெய் பார்த்தேன். பன்னிரண்டையும் என் கையாலேயே செய்தேன், ஒழுங்காகச் செய்தேன். பிறகு தோட்டாப் பெட்டிகளை ஏற்றினார்கள். பயிற்சிக்கு வெற்றுத் தோட்டா, அதன் பெட்டிக்கு மஞ்சள் கோடு இருக்கும். இவற்றில் கோடு இல்லை. வண்டிகள் எல்லைப் பக்கம் ஏறாமல் மேற்கே இறங்கின.

கர்னலிடம் ஓடினேன். அவர் மேசையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "டூஷெக், நீ மெக்கானிக். வண்டி ஓடுதான்னு பாரு. எங்க ஓடுதுன்னு பாக்காத" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அந்த வண்டிகள் எல்லையில் இல்லாவிட்டால் எல்லை விழுந்துவிடும் என்று உண்மையிலேயே நம்புகிறார். நானும் நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன். அதனால்தான் பேசாமல் இருந்தேன்.

தெவ்ரான் விடுப்பில் இருக்கிறான் என்று எழுதினேன். பொய். அவன் மூன்றாவது வண்டியை ஓட்டினான். ருஸ்வா சந்தை வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றுவிட்டானாம். பின்னால் வந்த ஒன்பது வண்டிகள் போக வழி இல்லை. அவனை அடித்து இழுத்துப்போட்டுவிட்டு வண்டியை நகர்த்தக் கால் மணி நேரம் ஆயிற்றாம். அந்தக் கால் மணி நேரத்தில் எத்தனையோ பேர் பின் சந்து வழியாக ஓடித் தப்பினார்களாம். முன்னால் போன இரண்டு வண்டிகள் செய்ததுதான் மற்றது. தெவ்ரான் ராணுவச் சிறையில் இருக்கிறான். அவன் மனைவி இரண்டு முறை முகாம் வாசலுக்கு வந்தாள். முப்பது சொற்களில் அவளுக்கு என்ன சொல்வது?

வண்டிகள் திரும்பி வந்ததும் கழுவச் சொன்னார்கள். மே மாதம், நீங்கள் வருவதற்குப் பத்து நாள் முன்னால், வண்ணம் அடிக்கச் சொன்னார்கள். இரண்டையும் நான்தான் மேற்பார்வையிட்டேன். வெளியே தெரிகிற இடமெல்லாம் கழுவினேன். அடியில் கழுவு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

குழுவை என்னைக் கூப்பிடச் சொல். சத்தியப்பிரமாணத்தோடு எல்லாவற்றையும் சொல்கிறேன். தெவ்ரான் பெயரையும் பதிவில் ஏற்ற வேண்டும். பெயர் வெளியே தெரிந்தால் அவனைச் சத்தம் இல்லாமல் ஒழித்துவிட முடியாது.

மிலோ


வாஷிங்டன்
29 ஜூலை 1977

அன்புள்ள மிலோ,

கேன்சஸ் வெயில் எப்படி? கர்னல் உன் பதவி உயர்வை நிறுத்தி எழுதிவிட்டுத்தான் அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன். இங்கே குழுவின் முன் நீ சாட்சி சொன்ன அன்று அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உன்னை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். முதலில் இதைக் கேள்.

ஜெயித்துவிட்டோம்!

நேற்று மதியம் இரண்டரை மணிக்கு என் திருத்தம் சபைக்கு வந்தது. மூன்றே வரி. ருஸ்வாவுக்குப் போன பன்னிரண்டு வண்டிகளைத் திருப்பித் தரவேண்டும். சபையின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்த முகாமுக்கும் எந்த ஊருக்கும் போக விடவேண்டும். இவை நடக்கும்வரை அறுபது வண்டிகளில் ஒன்றுகூடக் கிடையாது.

என் கட்சிக்காரர்களே எதிர்த்துப் பேசினார்கள். எல்லையில் நிற்கிற நண்பனைக் கைவிடுவதா என்றார்கள். எனக்கு ஐந்து நிமிஷம். நான்கில் முடித்துவிட்டேன். பிறகு பீல் எழுந்தார். மூன்று முறை இந்த உதவிக்குக் கை தூக்கியவர் என்று சபைக்கே தெரியும், அதனால் எல்லாரும் அவர் எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருந்தார்கள். அவர் ஒரு கண்ணாடிக் குப்பியை மேசைமேல் வைத்தார். அதில் சிவப்பு மண்.

"நான் இன்னைக்கும் ஆர்டோவாவோட நண்பன்தான்" என்றார். "நண்பன்கிட்ட டிராக்டர் கொடுத்துட்டு, அதை எங்கப்பா ஓட்டினேன்னு கேட்டா, உண்மையைச் சொல்றவன்தான் நண்பன். ஒரு சார்ஜென்ட் அவங்க ஜெனரல் முன்னாடி நின்னு உண்மையைச் சொன்னான். நானூறு பேர் சேர்ந்து அவனளவுக்கு நிக்க முடியாதா?"

வாக்கெடுப்புக்குப் பதினைந்து நிமிஷம். சுவர்ப் பலகையில் எங்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் விளக்கு எரியும். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு. பத்து நிமிஷம்வரை சிவப்பு முப்பது அதிகம். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பீல் வரிசை வரிசையாக நடந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். பச்சை ஏறத் தொடங்கியது. கடைசி நிமிஷத்தில் ஏழு பேர் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றினார்கள். 211, 204! மேலே மாடத்தில் ஜெரால்டின் சிகரெட் பிடிக்கக்கூடாத இடத்தில் பற்றவைத்துவிட்டாள். காவலர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

சபைத் தலைவர் முடிவை வாசித்தபோது எனக்குக் காது கேட்கவில்லை. தெவ்ரானைப் பற்றி ஆர்டோவா தூதர் இன்று காலை தானாகவே பேச்செடுத்தார். நல்ல அறிகுறி என்கிறாள் ஜெரால்டின். செனட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஆனால் காற்று இப்போது நம் பக்கம்.

நன்றாகச் சாப்பிடு. அப்பா உன் சாட்சியத்தைப் பத்திரிகையில் படித்துவிட்டு, 'பையன் சுருக்கமாகப் பேசியிருக்கிறான்' என்றார். அவர் வாயிலிருந்து இதற்குமேல் வராது.

பூரிப்போடு,
அக்கா


ருஸ்வா, ஆர்டோவா
3 அக்டோபர் 1977

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அப்பாவும் நலம் என்று நம்புகிறேன்.

செனட்டும் ஒப்புக்கொண்ட பிறகு, உன் ஆய்வுக் குழுவில் வண்டி தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டபோது முகாமில் என் பெயரைத்தான் கொடுத்தார்கள். பிடிக்காமல் கொடுத்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். ஆர்டோவா அரசு என்னை மட்டும் விட மறுத்ததாம். பீல், 'அப்படியானால் எந்த ஊருக்கும் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்' என்று ஒரு தந்தி கொடுத்தாராம். விட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டு வண்டிகளும் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டு எண்களையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். தெவ்ரானைப் போன மாதம் விடுதலை செய்துவிட்டார்கள். ராணுவத்தில் இடம் இல்லை, லாரி ஓட்டுகிறான். அவன் வீட்டில் மூன்று மணி நேரம் இருந்தேன். முப்பது சொற்களும் தீர்ந்துபோன பிறகு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். இடது காது கேட்கவில்லை அவனுக்கு.

பிறகு இங்கே வந்தேன். வீடு, சுவர், கோழி எல்லாம் இங்கே சிவப்பாகத்தான் இருக்கின்றன. அதிகாரிகள் கூட வந்தார்கள். ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சந்தையில் ஒரே ஒரு பெண், உருளைக்கிழங்கு விற்கிறவள், ஐம்பது வயது இருக்கும், எழுந்து என் முன்னால் வந்தாள். பெயர் ஓரிசா. அவள் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் அதிகாரிகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த வண்டிங்களை ஓட வச்ச வெளிநாட்டுக்காரன் நீதானா?"

"ஆமாம்மா. நான்தான்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எழுதத் தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றேன். கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்து என்னை உட்காரச் சொன்னாள். இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். அவள் மகன் பெயர்தான் முதலில். அதிகாரி ஒருவர் குறுக்கே வந்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாவது பெயருக்கு ஒரு கதவு திறந்தது. பத்தாவது பெயருக்குச் சந்தை நிறைந்துவிட்டது. ஒருவர் பெயரைச் சொல்ல, இன்னொருவர் வயதைச் சொல்ல, பின்னால் இருந்து யாரோ எழுத்துப் பிழையைத் திருத்தினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அக்கா. ஏழு மாதம் யாரும் கேட்கவில்லை அவர்களை.

பத்தொன்பது பெயர்கள்.

குழு கொடுத்த படிவத்தில் வண்டி எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது, எஞ்சின் நிலைமைக்கு இருக்கிறது, பட்டையின் தேய்மானத்துக்கு இருக்கிறது. இதற்குக் கட்டம் இல்லை. தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். இணைப்பு என்று ஓரத்தில் தள்ளிவிடாமல் பதிவிலேயே சேர்க்க முடியுமா என்று பார்.

பார் இல்லை. சேர்.

தம்பி,
மிலோ


வாஷிங்டன்
14 அக்டோபர் 1977

அன்புள்ள மிலோ,

எல்லாரும் நலம். மீதி விசாரிப்பு அப்புறம், தூதரகத் தபால் பையில் இது இன்றைக்கே போகவேண்டும்.

தாளைத் தலைவரிடம் கொடுத்தேன். சபைப் பதிவில் சேர்க்க வேண்டுமானால் ஓர் உறுப்பினர் எழுந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும், அதுதான் சுத்தமான வழி என்றார். இருபத்தேழாம் தேதி எனக்குப் பத்து நிமிஷம் கிடைத்திருக்கிறது. ஒன்பது பெயர் எனக்கு, பத்து பெயர் பீலுக்கு. அவர் காலையிலிருந்து தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்கிறார். வெளியே கேட்கிறது, உச்சரிப்பு எல்லாம் தப்பு. என்னுடையதும் தப்பாகத்தான் இருக்கும்.

மிலோ, நீ ஊரை விட்டுக் கிளம்புமுன் ஓரிசாவிடம் போ. எங்கே அழுத்த வேண்டும், எங்கே நீட்ட வேண்டும் என்று கேட்டு ஒவ்வொரு பெயருக்கும் எழுதிக்கொள். பிறகு தூதரகத்துக்குப் போய் எனக்குத் தொலைபேசியில் கூப்பிடு. பத்தொன்பதையும் நீ மெதுவாகச் சொல்லு, நான் திருப்பிச் சொல்கிறேன், சரியாக வரும்வரை.

அவள் மகன் பெயரிலிருந்து ஆரம்பிப்போம்.

அக்கா